பை டூ

ஈரல் வேகவைத்த கை இன்னும் நாறுகிறது.
அரண்மனை மைதானத்தில் பனி விலகவில்லை.
பட்டியலில் ஆறு சொல் நீளப் பெயர் கொண்ட என் நாய்,
வீட்டில் வெறும் மிளகு,
டாஷுண்டின் குட்டைக் கால்களால்
புல்லைக் கடந்து வருகிறாள் வயிறு நனைய.

கூடாரத்து ஓரம் நான்கு நாற்காலிகள்.
நான் நெருங்கியதும்
ஷாம்பூ விலையைப் பேசத் தொடங்குகின்றன.

இந்த ஊரில் ஒரு காபியை வாங்கி
இரண்டாக ஊற்றிக் குடிப்போம்,
ஆளுக்குப் பாதி.
என்னைப் பற்றிய பேச்சையும் அப்படித்தான் ஊற்றுகிறார்கள்.
அதில் மட்டும்
இரண்டு தம்ளரும் தளும்புகின்றன.

மிளகு ஈன்றதில்
ஹொரமாவுக்குப் போன குட்டி செத்தது உண்மை.
ஒன்பது வாரம். பார்வோ.
ஊசி போட்ட அட்டை என்னிடம் இருக்கிறது.
பணத்தைத் திருப்பிக் கொடுத்த ரசீதும்.
அந்த வீட்டுப் பையன் அதன் கழுத்துப்பட்டையைப்
பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறானாம்.
அதற்கு ரசீது இல்லை.

இவ்வளவுதான் நடந்தது.

மைசூர் ஷோவில் அது
'தெரிந்தேதான் விற்றாள்' ஆனது.
ஹூப்ளியில் ஒன்று நான்கானது.
சென்னை போய்த் திரும்பியபோது
ஒரு ஈற்றுக் குட்டிகள் முழுக்கச் செத்து
நான் அவற்றை இரவோடு இரவாகப் புதைத்திருந்தேன்.
என் வீடு கம்மனஹள்ளியில் இரண்டாம் மாடி.
மண் என்று இருப்பது
ஒரு கறிவேப்பிலைத் தொட்டி.

"நாய் வித்த காசு குரைக்காதாம்"
என்றது ஒரு குரல், என் காதுபட.
குரைக்கும்.
மருந்துக்கடைக் கணக்கை முடித்துப் படுத்தபின்
இரண்டு மணிக்குக் குரைக்கும்.

ஊற்றுக்கண் எது என்று தேடினேன்.
தேடியிருக்கக் கூடாது.

தேச்சம்மா.
மிளகு பிறந்த இரவில்
ஃப்ரேசர் டவுனிலிருந்து மழையில் ஸ்கூட்டரில் வந்தவள்.
மூச்சில்லாமல் விழுந்த கடைசிக் குட்டியைத்
துண்டில் சுற்றித் தேய்த்து,
அதன் மூக்கில் வாய் வைத்துச்
சளியை உறிஞ்சித் துப்பிக்
கத்தவைத்தவள்.
அந்தக் குட்டிதான் மிளகு.
அதே வாய்.

கேட்டுவிடலாம் என்று நான்கு முறை போனை எடுத்தேன்.
நான்காவது முறை
என் நாக்கு எனக்கு ஞாபகம் வந்தது.
போன வருடம் இந்திராநகர் லாப்ரடாரின் இடுப்பு எக்ஸ்ரே
வேறு நாயுடையது என்று யாரோ சொல்ல,
"அப்படியா?" என்றேன்.
மாலைக்குள் இரண்டு பேரிடம்
"அப்படியாம்" என்றேன்.
ஒரு 'ம்'தான் சேர்த்தேன், சத்தியமாக.

எங்கள் எண்ணை அழைக்கிறார்கள்.
மேஜைமேல் மிளகின் உதட்டைத் தூக்கி
நடுவர் பல் எண்ணுகிறார்.
நாற்பத்திரண்டும் இருக்கின்றன.
விலாவைத் தடவுகிறார், முதுகை அளக்கிறார்,
நடக்கச் சொல்கிறார், நடக்கிறோம்.
எண்ணக்கூடியதை மட்டும் எண்ணுகிற ஒருவர் முன்னால்
எட்டு நிமிடம் நிற்பது
காய்ச்சல் விட்டதுபோல் இருக்கிறது.

மூன்றாம் இடம்.
கைதட்டியவர்களைப் பார்க்கவில்லை.
ஈரலில் மிச்சமிருந்ததை அவளுக்குக் கொடுத்தேன்.

வெளியே வரும்போது கயிற்றோரம் தேச்சம்மா,
கையில் பாதி காபி.
மிளகு இழுக்கிறாள்.
வால் மட்டுமா, முதுகே ஆடுகிறது அவளுக்கு.
பட்டையைச் சுருட்டிப் பிடிக்கவுமில்லை,
விட்டுவிடவுமில்லை நான்.
குனிவதா வேண்டாமா என்று
தேச்சம்மாவின் முழங்கால் யோசிப்பது தெரிந்தது.
குனிந்தாள்.

"கொஞ்சம் வெயிட் போட்டுட்டா" என்றாள்,
என்னைப் பார்க்காமல்.

"ம்" என்றேன்.
அதற்குமேல் ஒரு சொல் சொன்னாலும்
இருட்டுமுன் மைசூர் போய்ச் சேர்ந்துவிடும்.

மிளகு அவள் விரல்களை
ஒவ்வொன்றாக நக்கி முடிக்கும்வரை
நின்றேன்.